எந்த எலும்புக்கும் 70,000 வயது: செய்முறை விளக்கம்

முதலில் உங்களுக்கு எத்தனை வயது வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மண்ணைத் தோண்டுவது, கழுவுவது, அமிலத்தில் கொதிக்கவைப்பது எல்லாம் அப்புறம். என்ன வேண்டும் என்று தெரியாமல் ஆய்வுக்கூடத்துக்குள் போகிறவர் கிடைத்ததை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அப்படிக் கிடைக்கிற வயதை எந்தச் செய்தித்தாளும் முதல் பக்கத்தில் போடாது.

ரேடியோ கார்பன்காரர்கள் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கார்பன் 14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு என்றால் 5,730 ஆண்டுதான். வெயிலடித்தாலும் பனி கொட்டினாலும் அந்த அணுவுக்கு ஒன்றுதான். போதாக்குறைக்கு 50,000 ஆண்டைத் தாண்டினால் கையை விரித்துவிடும். இத்தனை பிடிவாதம் நமக்கு ஆகாது. நமக்கு வேண்டியது சூழ்நிலை அறிந்து நடந்துகொள்ளும் கடிகாரம். அமினோ அமிலம் அப்படிப்பட்டது.

அடிப்படையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, நிருபர்கள் கேட்பார்கள். புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. சங்கில் வலம்புரியும் இடம்புரியும் இருப்பதுபோல இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்தாற்போன்ற இரண்டு வடிவங்கள் உண்டு. கிளைசின் மட்டும் விதிவிலக்கு. அதற்கு இடமும் இல்லை வலமும் இல்லை, அதனால் நமக்குப் பயனும் இல்லை. உயிருள்ள உடல் புரதம் கட்டும்போது இடம்புரியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். உயிர் போனதும் அந்தக் கண்டிப்பு போய்விடுகிறது. இடம்புரிகள் மெதுவாக வலம்புரிகளாகப் புரள்கின்றன. புரண்டவற்றில் சில திரும்பவும் புரள்கின்றன. கடைசியில் இரண்டும் ஏறக்குறைய சரிபாதியாகும் வரை இது நடக்கும். இதற்கு ரேசிமைசேஷன் என்று பெயர். வலம்புரியை இடம்புரியால் வகுத்தால் வருவது டி/எல் விகிதம். நேற்று செத்த நத்தையில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், மிகப் பழைய ஓட்டில் 1-ஐ எட்டும்.

1950-களில் வாஷிங்டன் கார்னகி நிறுவனத்தில் பிலிப் ஏபல்சன் புதைபடிவங்களில் அமினோ அமிலங்கள் அழியாமல் இருப்பதைக் கண்டார். அடுத்த பத்தாண்டில் எட்கர் ஹேர் அவரோடு சேர்ந்து, பழைய கிளிஞ்சல்களில் இந்த விகிதம் வயதோடு ஏறுகிறது என்று காட்டினார். இருவரும் கவனமான ஆட்கள். நம் செய்முறை அவர்களுக்குப் பிந்தையது.

மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

எலும்பை எடுங்கள். யார் தடுத்தாலும் எலும்பையே எடுங்கள். மனித எலும்பானால் இன்னும் விசேஷம்.

காரணம் இருக்கிறது. எலும்பிலுள்ள புரதத்தில் பெரும்பகுதி கொலாஜன். மூன்று இழை முறுக்கிய கயிறாக அது இருக்கும்வரை, அதிலுள்ள ஆஸ்பார்ட்டிக் என்ற அமினோ அமிலம் புரள இடமில்லாமல் இறுகிக் கிடக்கும். ஈரமும் சூடும் பட்டு முறுக்கு அவிழ்ந்ததும் மளமளவென்று புரளத் தொடங்கிவிடும். ஆகவே எலும்பில் நீங்கள் அளப்பது போன ஆண்டுகளை அல்ல, கொலாஜன் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதை. ஒரே நாளில் புதைத்த இரண்டு எலும்புகளில் ஒன்று நல்ல காய்ந்த மண்ணிலும் மற்றது ஊற்றுக்கண் பக்கத்திலும் கிடந்தால் இரண்டுக்கும் வேறுவேறு வயது வரும். இரண்டில் எது உங்களுக்குப் பிடித்திருக்கிறதோ அதைப் பதிப்பியுங்கள். மேலும் எலும்பு கடற்பஞ்சுபோலத் துளைகள் நிறைந்தது. நிலத்தடி நீர் உள்ளே வந்து தன்னிடமிருப்பதைக் கொடுத்து, அங்கிருப்பதை எடுத்துக்கொண்டு போகும்.

தவிர்க்க வேண்டியவை: நெருப்புக்கோழி முட்டையோடு, நன்னீர் நத்தையின் வாயை அடைக்கும் சுண்ணாம்பு மூடி, ஆழ்கடல் சேற்றிலுள்ள ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிரிகளின் ஓடு. இவற்றில் புரதத்தின் ஒரு பகுதி சுண்ணாம்புப் படிகங்களுக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. வெளியிலிருந்து எதுவும் உள்ளே போவதில்லை, உள்ளிருப்பது எளிதில் கசிவதில்லை. இப்படிப்பட்ட சரக்கை வைத்துக்கொண்டு விரும்பிய வயதை வரவழைப்பது பெரும்பாடு.

கழுவுதல்

வயதைக் குறைக்க வேண்டுமானால் கையுறை அணியாதீர்கள். காகிதத்திலிருந்து கைரேகை எடுக்கப் போலீஸார் நின்ஹைட்ரின் தடவுவது, விரல்கள் விட்டுப்போன அமினோ அமிலம் நிறம்காட்டும் என்பதால்தான். உங்கள் வியர்வையில் இருப்பது இன்றைய சரக்கு, அத்தனையும் இடம்புரி. இரண்டு முறை உருட்டிப் பார்த்தாலே பழைய ஓட்டுக்கு இளமை திரும்பிவிடும். ஆனால் ஒரு சிக்கல். வியர்வையில் செரின் என்ற அமிலம் அதிகம். அது நெடுங்காலம் தாக்குப்பிடிக்காமல் சிதைந்துவிடும். ஆகவே லட்சக்கணக்கான ஆண்டுப் பழசு என்று சொல்லப்படும் மாதிரியில் செரின் ஏராளமாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். செரின் அளவை அட்டவணையில் சேர்க்க வேண்டாம்.

மற்றபடி வேதியியல் வேலை எளிது. பொடிசெய்து, அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், நைட்ரஜன் நிரப்பிய சிறு குப்பியில் மூடி, 110 டிகிரியில் ஒரு நாள் வைத்தால் புரதம் தனித்தனி அமினோ அமிலங்களாக உடையும். திரவ நிறப்பிரிகை எந்திரத்தில் செலுத்தினால் இடம்புரி ஒரு முகடாகவும் வலம்புரி இன்னொரு முகடாகவும் திரையில் எழும். இந்த எந்திரம் பொய் சொல்லாது. அளவில் தவறு செய்யப் பார்ப்பவர்கள் கற்றுக்குட்டிகள். தேர்ந்தவர்கள் அளவைத் துல்லியமாக எடுத்துவிட்டு, அதற்கு அர்த்தம் சொல்லும் இடத்தில்தான் கைவரிசையைக் காட்டுவார்கள்.

எந்த அமிலத்தைப் பார்ப்பது என்பதில் ஒரு வார்த்தை. ஆஸ்பார்ட்டிக் அவசரக்காரர், ஐசோலியூசினும் வாலினும் நிதானஸ்தர்கள். சில ஆயிரம் ஆண்டுச் சரக்கை வாலினில் பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பல லட்சம் ஆண்டுச் சரக்கை ஆஸ்பார்ட்டிக்கில் பார்த்தால் எல்லாம் முடிந்துபோனதுபோல இருக்கும். ஒரே மாதிரியில் ஏழெட்டு அமிலங்களை அளந்து, எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று ஒத்துப்பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் வேண்டாம்.

வெப்பநிலை

இதுதான் இந்த வித்தையின் உயிர்நாடி. இங்கே நிதானமாக உட்காருங்கள்.

புரளும் வேகம் சூட்டைப் பொறுத்தது. ஏறக்குறைய 4, 5 டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பாகும். வெப்பநிலையில் ஒரு டிகிரி பிசகினால் வயதில் 15 முதல் 20 சதவீதம் பிசகும். ஆக, 50,000 ஆண்டு என்று வந்ததை 60,000 ஆக்க எலும்பைத் தொடவே வேண்டாம். அது கிடந்த இடம் ஒரு டிகிரி குளிராக இருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். இரண்டு டிகிரி என்று எழுதினால் யாரும் சந்தேகப்படப் போவதில்லை. கடந்த பல ஆயிரம் ஆண்டுகளாக அந்தக் குழிக்குள் தெர்மாமீட்டரோடு யார் உட்கார்ந்திருந்தார்கள்?

சுலபமான வழி, பக்கத்து ஊர் வானிலை நிலையத்தின் ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்வது. இதில் இரண்டு வசதிகள். ஒன்று, பனியுகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இன்னொன்று நுட்பமானது. சூடு கூடக்கூட வேகம் பலமடங்காகப் பெருகுவதால், உச்சிவெயில் நாளொன்று செய்யும் வேலையைக் குளிர்நாள்கள் பல சேர்ந்தும் ஈடுகட்ட முடியாது. தரையிலிருந்து சாண் ஆழத்தில் கிடக்கும் ஓடு கோடைதோறும் வெந்துகொண்டிருக்கும். அதன் உண்மையான சூடு சராசரியைவிட அதிகம். நீங்கள் சராசரியைப் போட்டுக் கணக்குப் பார்த்தால், வேகமாகப் புரண்டதை மெதுவாக நீண்டகாலம் புரண்டதாக எடுத்துக்கொள்வீர்கள். வயது தானாகவே ஏறும். கவனமான ஆய்வாளர்கள் ஒரு மீட்டருக்கும் கீழே, வெயிலின் ஏற்ற இறக்கம் எட்டாத ஆழத்தில் மாதிரி எடுக்கிறார்கள். அவ்வளவு தோண்டுவானேன்?

தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தனியாக ஒரு யோசனை. சென்னையின் ஆண்டுச் சராசரி 28 டிகிரிக்கு மேல். இங்கிலாந்தில் 10 டிகிரியை ஒட்டி. நான்கு தடவை இரட்டித்தால் 16 மடங்கு. கடற்கரை மணலில் 10,000 ஆண்டு வெந்த கிளிஞ்சலை இங்கிலாந்தில் எடுத்ததாகச் சொல்லிவிட்டால் ஒன்றரை லட்சம் ஆண்டு கணக்கில் வரும். இதே காரணத்தால், முறையாக வேலை செய்கிறவர்களுக்கு வெப்ப நாடுகளில் இந்தக் கடிகாரம் சீக்கிரமே ஓடி முடிந்துவிடும். குளிர்நாடுகளில் பத்து லட்சம் ஆண்டு தாண்டியும் ஓடும்.

இன்னும் அவசரமென்றால் நெருப்பு. சுட்ட ஓட்டில் சில மணி நேரத்தில் பல்லாயிரம் ஆண்டு வேலை முடிந்துவிடும். ஆனால் சமமாகச் சுடவும். கொலராடோ பல்கலைக்கழகத்தின் கிஃபர்ட் மில்லரும் கூட்டாளிகளும் ஆஸ்திரேலியாவில், ஜென்யோர்னிஸ் என்ற அழிந்துபோன பெரும் பறவையினுடையவை என்று அவர்கள் கருதும் முட்டையோடுகளை ஆராய்ந்தார்கள். விரல் நகமளவு சில்லொன்றில் ஒரு முனை நன்றாகப் புரண்டும் மறுமுனை ஏறக்குறைய அப்படியேயும் இருந்தது. காட்டுத்தீயானால் முழுச் சில்லும் ஒரே சீராக வெந்திருக்கும். இது தணலுக்குப் பக்கத்தில் கிடந்தது, ஆகவே யாரோ முட்டையைச் சுட்டுத் தின்றிருக்கிறார்கள் என்பது 2016-இல் அவர்கள் வைத்த வாதம். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. முட்டை அந்தப் பறவையினுடையதே அல்ல என்றும் சண்டை நடந்தது. நீங்கள் சுடும்போது இத்தனை பேர் உற்றுப்பார்ப்பார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதே மில்லர் 1997-இல் செய்த காரியத்தைக் கேட்டால் உங்களுக்கு வயிற்றெரிச்சல் வரும். ஈமு முட்டையோடுகளின் வயதை ரேடியோ கார்பனில் தனியாக வாங்கிக்கொண்டார். வயது தெரியும், விகிதம் தெரியும். கணக்கைத் தலைகீழாகப் போட்டால் கிடைப்பது வெப்பநிலை. 45,000 முதல் 16,000 ஆண்டுகளுக்கு முன்புவரை ஆஸ்திரேலியாவின் உட்பகுதி குறைந்தது 9 டிகிரி குளிராக இருந்தது என்று விடை வந்தது. வயதுக்காகக் கண்டுபிடித்த கருவியைத் தெர்மாமீட்டராக்கிவிட்டார். எனக்கென்னவோ அதன் உண்மையான தொழிலே அதுதான் என்று தோன்றுகிறது. ஆனால் வயது தேடி வந்தவர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை.

பல்லையும் கண்ணையும் தொடாதீர்கள். உயிருள்ள உடலில் சூடு மாறுவதில்லை. தெர்மாமீட்டர் தகராறுக்கே இடமில்லை. மனிதப் பல்லில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் ஆண்டுக்குச் சுமார் 0.1 சதவீதம் புரள்கிறது. தடயவியல்காரர்கள் அடையாளம் தெரியாத உடலின் வயதை இதை வைத்துச் சில ஆண்டு வித்தியாசத்தில் சொல்லிவிடுகிறார்கள். ஆர்க்டிக் பெருந்தலைத் திமிங்கிலங்களின் கண் வில்லையில் இதே அளவையெடுத்து, 1999-இல் ஒரு திமிங்கிலத்துக்கு 211 வயது என்று மதிப்பிட்டார்கள். கூடக்குறைய 35 ஆண்டு இருக்கலாம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். இப்படித் தாமாகப் பிழையை ஒப்புக்கொள்கிறவர்களோடு சேர்ந்தால் நம் தொழில் படுத்துவிடும்.

அளவு கட்டுதல்

வெப்பநிலையை ஊகிக்க மனசாட்சி இடம் தராதவர்களுக்கு இன்னொரு வழி. அதே வட்டாரத்தில் ஏற்கெனவே வயது தெரிந்த எலும்பு ஒன்றைப் பிடியுங்கள். அதன் டி/எல் விகிதத்தை அளந்தால் அந்த மண்ணில் புரளும் வேகம் கிடைக்கும். சூடு, ஈரம் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடக்கம். அதை வைத்து மற்ற எலும்புகளுக்கு வயது சொல்லிக்கொண்டே போகலாம். கேட்பதற்கு யோக்கியமாக இருக்கிறது, யோக்கியமான முறையும்தான். ஆனால் அளவுகோலாக வைத்த அந்த முதல் எலும்பை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

கலிபோர்னியாவில் இதைச் செய்து காட்டினார்கள். லகூனா கடற்கரையில் கிடைத்த மண்டையோட்டுக்கு ரேடியோ கார்பன் முறையில் 17,150 ஆண்டு என்று வயது வந்திருந்தது. ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தின் ஜெஃப்ரி பேடா அதை அளவுகோலாக வைத்தார். கூடவே ராய் ஷ்ரோடரும், அமெரிக்காவில் மனிதர் வெகுகாலமாக வாழ்ந்துவருகிறார்கள் என்று நெடுநாளாக வாதாடிவந்த புவியியலாளர் ஜார்ஜ் கார்ட்டரும் சேர்ந்தார்கள். 1974-இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. சான் டியாகோ அருகே கிடைத்த டெல் மார் எலும்புக்கு 48,000 ஆண்டு. அடுத்து சன்னிவேல் எலும்புக்கூடு, 70,000. அமெரிக்கக் கண்டத்துக்கு மனிதர் வந்தே 12,000 ஆண்டு சொச்சம்தான் என்று அப்போது பெரும்பாலோர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எத்தனை பாடநூல்களைத் திருத்த வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசித்துக்கொண்டே பத்தாண்டு நிம்மதியாக இருக்கலாம். அதுவரை கடைப்பிடிக்க வேண்டிய சில்லறை விதிகள்: மாதிரியை ஒரே ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் அனுப்பவும். டெலாவேர் பல்கலைக்கழகத்தின் ஜான் வெமில்லர் ஒரே கிளிஞ்சல் பொடியைப் பல கூடங்களுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிட்டு 1984-இலேயே அச்சில் போட்டுவிட்டார். அந்த மாதிரி ஆள் உங்கள் பொடியைப் பார்க்க நேரக்கூடாது. நத்தைக்கு நத்தை வேகம் மாறும் என்பதால், ஓர் இனத்தின் அளவுகோலை இன்னோர் இனத்துக்குப் போடலாமா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றவும்.

யாரிடம் போகக்கூடாது

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் கிர்ஸ்டி பென்க்மன் நடத்தும் கூடத்துக்குத் தவறியும் போகாதீர்கள். முதல் வேலையாக உங்கள் பொடியை 48 மணி நேரம் ப்ளீச்சில் போட்டுவிடுவார்கள். படிகத்துக்கு வெளியே ஒட்டியிருக்கும் புரதம், உங்கள் விரல் வியர்வை, நிலத்தடி நீர் கொண்டுவந்த கசடு எல்லாம் போய், படிகத்துக்குள் சிறைப்பட்டது மட்டும் மிஞ்சும். பிறகு அதை இரண்டாகப் பிரித்து, தானாக விடுபட்டிருக்கும் அமினோ அமிலங்களையும் மொத்தத்தையும் தனித்தனியே அளந்து, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். பொருந்தாவிட்டால் கசிவு என்று சொல்லி மாதிரியைத் தூக்கிப்போட்டுவிடுவார்கள்.

எலும்பைக் கண்டால் அவர்களுக்கு ஆர்வமே வருவதில்லை. அவர்கள் கேட்பது பித்தினியா என்ற நன்னீர் நத்தையின் வாய்மூடி. நத்தையின் ஓடு அரகோனைட். மூடி கால்சைட், அதைவிட நிலையான படிகம். நூற்றுக்கணக்கான மூடிகளை அளந்து, பிரிட்டனின் பனியுகப் படிவங்களை வரிசைப்படுத்தி 2011-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். அதிலும் ஆண்டுக் கணக்காக அடித்துச் சொல்வதில்லை. இந்தப் படிவம் அதைவிட மூத்தது, இதைவிட இளையது, இன்ன வெப்பயுகத்தோடு பொருந்துகிறது என்பதோடு சரி.

எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால் பலன் அவர்களுக்குத்தான் கிடைக்கிறது. சஃபோக் கடற்கரையில் பேக்ஃபீல்டு என்ற இடத்தில் மனிதர் செதுக்கிய சக்கிமுக்கிக் கற்கள் கிடைத்தன. அவை இருந்த படிவத்தின் வயது சுமார் 7 லட்சம் ஆண்டு என்று 2005-இல் அறிவித்தார்கள். அதற்கான சான்றுகளில் இந்த வாய்மூடிகளும் ஒன்று. கூடவே நீர் எலிகளின் பல் வளர்ந்த விதம், பாறை அடுக்கு, காந்தத் திசை எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. அதுவரை வடக்கு ஐரோப்பாவில் மனிதர் இருந்ததற்கு 5 லட்சம் ஆண்டுகளை ஒட்டித்தான் உறுதியான சான்று இருந்தது. நீங்கள் இத்தனை பாடுபட்டும் எட்ட முடியாத வயதை நத்தை மூடி பொறுக்குகிறவர்கள் அலட்டிக்கொள்ளாமல் தட்டிச்செல்கிறார்கள்.

கடைசி விதி

மிச்சம் வைக்காதீர்கள். எலும்பு, பொடி, குப்பியில் ஒட்டிய சாறு எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிடுங்கள். நேற்று ஒரு கைப்பிடி எலும்பு கேட்ட எந்திரம் நாளைக்கு ஒரு சிட்டிகை போதும் என்று வந்து நிற்கும்.

கலிபோர்னியாவில் அதுதான் நடந்தது. மிகச் சிறிய அளவிலேயே கார்பன் 14 அணுக்களை எண்ணும் முடுக்கி எந்திரம் ஆக்ஸ்போர்டுக்கு வந்ததும், அந்த எலும்புக்கூடுகளின் அமினோ அமிலச் சாறு அங்கே சோதிக்கப்பட்டது. அளவுகோலாக நின்ற லகூனா மண்டையோட்டின் வயது 17,150 அல்ல, சுமார் 5,100. அளவுகோல் சரிந்ததும் அதில் தொங்கியவை எல்லாம் சரிந்தன. அதோடும் நிற்கவில்லை. அளவுகோல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்ததால் டெல் மாரின் 48,000 சுமார் 14,000 ஆகியிருக்க வேண்டும். அதுவும் 5,000-ஐ ஒட்டித்தான் வந்தது. மிச்ச வித்தியாசம் எலும்புக்கு எலும்பு கெட்டுப்போன அளவு மாறுவதால் வந்தது. மறு ஆண்டு வேறொரு குழு வட அமெரிக்காவில் மிகப் பழையவை என்று சொல்லப்பட்ட மனித எலும்புகளை வரிசையாகச் சோதித்தது. சன்னிவேல் உட்பட ஒன்றுகூட 11,000 ரேடியோ கார்பன் ஆண்டுகளைத் தாண்டவில்லை.

லகூனா மண்டையோட்டைக் கீழே தள்ளிய அந்த 1984 ‘நேச்சர்’ கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜெஃப்ரி பேடா.